அறுபதைத் தாண்டியவர்களிடம் சோதித்த மருந்தா?

மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை கொடுத்து ஆறு வாரம் பார்த்தாயிற்று, குணம் தெரியவில்லை. அளவைக் கூட்டியும் பயனில்லை. வேறு மாத்திரைக்கு மாற்றியதில் இன்னும் இரண்டு மாதம் போயிற்று. தூக்கம் திரும்பவில்லை, சோறு இறங்கவில்லை, வாசலுக்கு வந்து உட்காரக்கூட மனமில்லை. நோயாளிக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. மூன்றாவதாக என்ன கொடுப்பது?

இந்த நிலைக்குச் ‘சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு’ என்று பெயர். குறைந்தது இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், போதுமான காலம் கொடுத்தும் நோய் தணியாவிட்டால் மருத்துவர்கள் அப்படிக் குறிக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பாதி மாதத்தில் மாத்திரை தீர்ந்து, அடுத்த மாதம் வரை சும்மா இருந்தவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மறதி நோயின் தொடக்கம், தினசரிக் குடி ஆகியவையும் மருந்து வேலை செய்யாததுபோலக் காட்டும். இவற்றையெல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகும் சோர்வு நீடித்தால்தான் மூன்றாவது மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த மூன்றாவது மருந்தை நெடுங்காலம் அனுமானத்தில்தான் தேர்ந்தெடுத்தார்கள். மனச்சோர்வு மருந்துகளின் சோதனைகளில் 65 வயதைத் தாண்டியவர்களையும் ஒன்றுக்கு மேற்பட்ட நோய் உள்ளவர்களையும் சேர்க்காமல் விடுவது வழக்கமாக இருந்தது. நாற்பது வயதுக்காரரிடம் கண்ட பலனை எழுபது வயதுக்காரருக்கும் பொருத்திப் பார்த்தார்கள். முதியவர்களுக்கான மருந்தை முதியவர்களிடமே சோதிக்க வேண்டும். வடசென்னையின் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் முதியவர்களைப் போன்றவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

முதுமையில் வேறாகும் நோய்

முதுமையில் வரும் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடம்பு அசதி, நெஞ்சில் படபடப்பு, வயிற்றில் உப்புசம், கைகால் குடைச்சல் என்று ஆரம்பிக்கும். மருந்துக் கடையில் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கியே வருடம் ஓடிவிடும். 2017-18இல் நாடு முழுவதும் நடந்த இந்திய முதுமை ஆய்வில், கேள்விகள் கேட்டுக் கணித்தபோது 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்க வாய்ப்பு தெரிந்தது. தங்களுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் கண்டறிந்ததாகச் சொன்னவர்களோ 0.8 விழுக்காட்டினர்தான். பத்தில் ஒன்பது பங்கு கண்ணில் படாமலே கிடக்கிறது.

மூளைக்குள்ளும் மாற்றம் உண்டு. 1997இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் அலெக்சோபுலஸும் அவருடைய சகாக்களும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை ஆகியவை பல ஆண்டுகளாகச் சேர்ந்து மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாழாக்குகின்றன. திட்டமிடுவதற்கும் ஒரு வேலையை எடுத்துச் செய்வதற்கும் உதவும் முன்மூளைப் பகுதியை ஆழப் பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் இதனால் நலிகின்றன. அப்போது வரும் சோர்வில் துக்கத்தைவிட மந்தமும் அக்கறையின்மையும் தூக்கலாக இருக்கும். வழக்கமான மாத்திரைகளுக்கு இந்த வகை அவ்வளவாக மசிவதில்லை.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், பட்டறையில் லேத் முன் நின்றும், காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு ஓடியும் உழைத்தவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை மூன்றும் அந்நியமில்லை. நான்காவதாகக் காற்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த ஏறக்குறைய 89 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் ஆகியவை மிகுந்த காற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களிடம் முதுமைக்கால மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கன்டெய்னர் லாரி வரிசை எல்லாம் ஒரே கரையில் நெருங்கிக் கிடக்கும் எண்ணூர்–மணலிப் பகுதியில் முதியோர் மனநலத்தை ஆராய்பவர்கள் காற்றைக் கணக்கில் விடக்கூடாது.

2023இல் வந்த விடை

மூன்றாவது மருந்து பற்றிய கேள்விக்கு நேரடியாக விடை தேடிய சோதனைக்கு ‘ஆப்டிமம்’ என்று பெயர். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் லென்சே தலைமையில் அமெரிக்காவின் நான்கு நகரங்களிலும் கனடாவின் டொரன்டோவிலும் நடந்தது. 2023 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. கலந்துகொண்டவர்கள் எல்லாரும் 60 வயதைக் கடந்தவர்கள். இரண்டு மருந்தாவது பலிக்காமல் போனவர்கள். சராசரி வயது 69. மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

முதல் கட்டத்தில் 619 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் வசதியோ தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குலுக்கல். நோய் முற்றியவர்கள், படித்தவர்கள், துணை இல்லாதவர்கள் எல்லாரும் மூன்று பிரிவிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுவார்கள். பிறகு தெரியும் வேற்றுமையை மருந்தின் கணக்கில் எழுதலாம்.

முதல் பிரிவினர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரையோடு அரிப்பிப்ரசோலைச் சேர்த்துக்கொண்டார்கள். இது மனச்சிதைவு நோய்க்காக வந்த மருந்து. குறைந்த அளவில் மனச்சோர்வுக்கும் துணைமருந்தாகிறது. இரண்டாம் பிரிவினர் பழைய மாத்திரையோடு புப்ரோபியானைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் பிரிவினர் பழையதை நிறுத்திவிட்டுப் புப்ரோபியானுக்கு மாறினார்கள். பத்து வாரம் கழித்து, நோய்க்குறிகள் ஏறக்குறைய முழுவதும் நீங்கியவர்கள் முதல் பிரிவில் 28.9 விழுக்காடு, இரண்டாவதில் 28.2, மூன்றாவதில் 19.3. மாற்றுவதைவிடச் சேர்ப்பது நல்லது என்று இதைப் படிக்கலாம். கணக்குப் போட்டால், பழையதை நிறுத்தாமல் துணைமருந்து சேர்க்கும் ஒவ்வொரு பத்துப் பேரிலும் கூடுதலாக ஒருவர் குணமாகிறார். சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவர் மறுபடி பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறவராக இருக்கக்கூடும்.

இந்தச் சோதனை மனச்சோர்வு மதிப்பெண்ணை மட்டும் அளக்கவில்லை. வாழ்க்கையில் நிறைவும் பிடிப்பும் திரும்பினவா என்பதையே முதன்மை அளவுகோலாக வைத்தது. வழக்கமாகப் பயன்படும் மான்ட்கோமரி–ஆஸ்பெர்க் அளவுகோலில் பத்து அம்சங்கள்; ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் ஆறு வரை மதிப்பெண்; மொத்தம் 60. அந்த மதிப்பெண் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டாலும், பழையபடி வலை பழுதுபார்க்க உட்காராத மீனவரும், சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆயாவும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்று வீட்டாருக்குத் தெரியும். முதியோரின் நிறைவை அளக்க முனைந்தது இந்தச் சோதனையின் பெரிய நன்மை.

அதேபோல அது எண்ணிய இன்னொன்று, விழுவது. புப்ரோபியான் சேர்த்தவர்களிடம் தலைக்கு 0.55 முறை, மாறியவர்களிடம் 0.38, அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களிடம் 0.33. அதாவது நூறு பேரில் ஒரு மருந்தில் 55 விழுகை, இன்னொன்றில் 33. குணமாகும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் இரண்டு மருந்தும் ஒன்றல்ல என்று இந்த எண்தான் சொல்கிறது. இளையவர்களை மட்டும் வைத்து நடத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது. லிஃப்ட் இல்லாத பழைய வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும், லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்கிறவருக்கும், மீன் இறங்குதளத்தின் ஈரத் தரையில் நடக்கிறவருக்கும் ஒரு விழுகை இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். பலருக்கு அதன் பிறகு கட்டில்தான்.

முதல் கட்டத்தில் தேறாதவர்களும் அதில் சேரத் தகுதி பெறாதவர்களுமாக 248 பேர் இரண்டாம் கட்டத்துக்குப் போனார்கள். லித்தியம் சேர்த்தவர்களில் 18.9 விழுக்காட்டினரும், நார்ட்ரிப்டிலினுக்கு மாறியவர்களில் 21.5 விழுக்காட்டினரும் தேறினார்கள். இங்கே வேற்றுமை இல்லையென்றே சொல்லலாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனையில் மருந்தில்லாத வெற்று மாத்திரைப் பிரிவு கிடையாது. தானாகத் தேறியவர்கள் எத்தனை பேர் என்பதை அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. லென்சே குழு 2015இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட முந்தைய சோதனையில் அந்தப் பிரிவு இருந்தது. 181 முதியவர்களில் அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 44 விழுக்காட்டினர் தேறினார்கள். வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 29. வாரந்தோறும் யாரோ அக்கறையாக விசாரிப்பதிலேயே ஒரு மருந்து இருக்கிறது. அதற்கு மேலும் மருந்து தரும் பலன்தான் 44க்கும் 29க்கும் நடுவே உள்ள இடைவெளி. அதே சோதனையில் அரிப்பிப்ரசோல் எடுத்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்குக் காலை ஓரிடத்தில் வைக்க முடியாத பரபரப்பும் வந்தது.

மாத்திரைப் பையைத் திறந்து பார்த்தால்

அரசு மருத்துவமனைக்கு வரும் முதியவரின் மஞ்சள் பையில் ஓ.பி. சீட்டோடு என்னென்ன இருக்கும்? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினோ டெல்மிசார்ட்டானோ. சிலருக்கு நீர் பிரியும் மாத்திரை. மாரடைப்பு வந்து மீண்டவரானால் மெட்டோபுரோலால். முட்டிவலிக்குச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்.

இதில் லித்தியத்தைச் சேர்த்துப் பாருங்கள். லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நீர் மாத்திரை, டெல்மிசார்ட்டான், டைக்ளோஃபெனாக் மூன்றுமே அது வெளியேறுவதைக் குறைத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும். மே மாத வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் ஏறும். கை நடுக்கம், தள்ளாட்டம், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். வழக்கமான செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் வகைகளும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். சோடியம் குறைந்தவர் சோர்ந்து கிடப்பார், பிதற்றுவார், விழுவார். மனச்சோர்வு முற்றிவிட்டதாக நினைத்து அதே மாத்திரையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். புப்ரோபியானுக்கும் சிக்கல் உண்டு. மெட்டோபுரோலாலை உடைக்கும் கல்லீரல் நொதியை அது தடுப்பதால் நாடித்துடிப்பு தேவைக்கு மேல் குறையலாம். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போது புப்ரோபியானும் உள்ளே இருந்தால் வலிப்பு வரும் அபாயம் கூடும்.

இந்தப் பையோடு வருகிறவரைச் சோதனையில் சேர்க்காமல் ‘தூய’ நோயாளிகளை மட்டும் எடுத்தால் கணக்கு அழகாக வரும். ஆனால் அந்தக் கணக்கு இந்தப் பையைத் தூக்கி வருகிறவருக்கு உதவாது.

புதிய மருந்துகளிலும் இதே பாடம் கிடைக்கிறது. மயக்க மருந்தான கெட்டமைனின் ஓர் உட்கூறான எஸ்கெட்டமைன், மூக்கில் அடிக்கும் மருந்தாக 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குளுட்டமேட் என்ற வேறொரு நரம்புச் செய்தி வழியில் வேலை செய்வதால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் விரைவில் பலன் தெரியும் என்பது அதன் சிறப்பு. 65 வயதைத் தாண்டிய 138 பேரிடம் தனியாகச் சோதித்தபோதோ, பலன் இருப்பதுபோலத் தெரிந்தும், தற்செயல் இல்லை என்று உறுதிசொல்லும் எல்லையைத் தொடவில்லை. மருந்தடித்த பின் ரத்த அழுத்தம் ஏறுமென்பதால் இரண்டு மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

புதியது எல்லாம் பழையதைவிட மேல் என்றும் இல்லை. 2016இல் வெளியான ‘பிரைட்’ ஆய்வில், கடும் மனச்சோர்வுள்ள 60 வயதைத் தாண்டிய 240 பேருக்கு மின்னதிர்வு சிகிச்சையும் வென்லாஃபாக்சினும் கொடுத்தபோது 62 விழுக்காட்டினர் தேறினார்கள். சினிமா காட்டிய பயங்கரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மயக்கமும் தசைத் தளர்வும் கொடுக்காமல் இதைச் செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

சென்னைக்கு இது புதிதல்ல

மனச்சோர்வுக்கான மாத்திரையே காசநோய் வார்டில்தான் பிறந்தது. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியசிட், ஐப்ரோனியசிட் என்ற இரண்டு காசநோய் மருந்துகளைச் சோதித்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், ஆடினார்கள். அந்த உற்சாகத்தைக் கவனித்ததிலிருந்து 1957வாக்கில் நேதன் கிளைன் போன்றவர்கள் ஐப்ரோனியசிட்டை மனச்சோர்வு மருந்தாக நிலைநாட்டினார்கள்.

அதன் உடன்பிறப்பான ஐசோனியசிட் 1956இல் சென்னை சேத்துப்பட்டுக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே தொடங்கிய மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு குலுக்கல் சோதனை நடந்தது. நகரின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் மருந்து எடுத்தார்கள். மறுபாதியினர் வீட்டிலிருந்தபடியே எடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்திருந்தன. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றியது. ஏழைகளால் ஒழுங்காக மாத்திரை எடுக்க முடியாது, அவர்களை வைத்து நம்பகமான சோதனை நடத்த முடியாது என்ற எண்ணத்தை உடைத்தது இந்த ஊர்தான்.

முதியோர் மனச்சோர்விலும் நம் பக்கத்து ஆய்வுகள் மற்ற இடங்களில் அதிகம் கேட்காததைக் கேட்டிருக்கின்றன. வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைத் தாண்டிய 1,000 பேரைப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் 12.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. சர்க்கரை, இதயநோய் ஆகியவற்றோடு குறைந்த வருமானமும் பட்டினியும் ஆபத்தைக் கூட்டின. மனம்விட்டுப் பேச ஆள் இருப்பது ஆபத்தைக் குறைத்தது. கோவாவில் மனச்சோர்வின் ஆரம்பக் குறிகள் தெரிந்த 181 முதியவர்களிடம் ஒரு சோதனை நடந்து 2019இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் அவர்களைச் சந்தித்துச் சிக்கல்களைச் சமாளிக்கவும், தூக்கத்தைச் சீராக்கவும், சர்க்கரையைப் பேணவும், அரசு உதவிகளைப் பெறவும் துணை நின்றார்கள். ஓராண்டில் முழு மனச்சோர்வுக்குள் விழுந்தவர்கள் அந்தப் பிரிவில் நாலு பேர்; வழக்கமான கவனிப்புப் பிரிவில் பதின்மூன்று பேர்.

இங்கே எப்படி நடத்துவது

ஆகவே வடசென்னை முதியவர்களிடம் ஒரு மருந்தைச் சோதிப்பதென்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடாது. விழுகையையும் சோடியத்தையும் இதயத் துடிப்பையும் மனநல மதிப்பெண்ணுக்குச் சமமாக எண்ண வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை வரச்சொல்லி முடித்துவிடாமல் வீட்டுக்கே போக வேண்டும். 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதற்கு ஏற்கெனவே பாதை போட்டிருக்கிறது. மருந்தைப் பேச்சு சிகிச்சையோடும், முதியோர் ஓய்வூதியம் கிடைக்கச் செய்யும் உதவியோடும் இணைத்துப் பார்க்க வேண்டும். பசியோடு இருப்பவருக்கு எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது.

சம்மதம் பெறுவதில்தான் அதிகக் கண்டிப்பு வேண்டும். 2009-10இல் ஆந்திராவில் நடந்த கர்ப்பப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்காக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். எதிர்ப்பு எழுந்து திட்டம் நின்றது. அப்படி ஒன்று திரும்ப நடக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள்படி எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது, சோதனையோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும். சோதனையால் உடலுக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சோதனையைத் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். மகனோ மருமகளோ தலையாட்டியது போதாது. ‘வேண்டாம்’ என்று பெரியவர் சொன்னால், அதன் பிறகும் வழக்கமான சிகிச்சை குறையாமல் தொடர வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் ‘என்னவோ செய்யுங்க’ என்று சொல்வது சம்மதம் ஆகாது. இன்னொரு நாள் வந்து, வீட்டு ஆள் ஒருவரையும் வைத்துக்கொண்டு, மறுபடி விளக்கிக் கேட்க வேண்டும்.

சோதனை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வீட்டிலுள்ள பெரியவர் இரண்டு வாரத்துக்கு மேல் பேச்சும் சாப்பாடும் தூக்கமும் குறைந்து கிடந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே போக வேண்டும். எந்த நேரத்திலும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சேத்துப்பட்டுச் சோதனையில் பங்கெடுத்த ஏழை நோயாளிகளால் உலகத்தின் காசநோயாளிகள் பயன்பெற்றார்கள். அடுத்த சோதனை முதியோர் மனச்சோர்வுக்காக இந்தக் கரையில் நடக்கும்போது, அதில் தேறிய மருந்து இங்குள்ள அரசு மருத்துவமனைகளின் மருந்தகத்தில் தொடர்ந்து கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி முதல் நாளிலேயே இருக்க வேண்டும். பங்கெடுப்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.